கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி சுற்றுவட்டார மாங்கூழ் ஆலைகளின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது 'சிஸ்டம் ஹேங்' என்றால் உடனே நெட்டைத் திட்டுகிறோம். பல சமயம் கோளாறு, எடை மேடைக்கும் பில் மென்பொருளுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு லைப்ரரியில் (மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு). சரியாகச் சொன்னால், அதை அமைத்த விதத்தில்.

பைத்தான் நிரல்மொழியில் எடைக் கருவியைப் படிக்கப் பரவலாகப் பயன்படுவது பைசீரியல். நல்ல லைப்ரரிதான். ஆனால் டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு) கொடுக்காவிட்டால், கேபிள் கழன்று கிடந்தாலும் எண் வரும் வரை காத்தே கிடக்கும். 1 வினாடி வைத்தால் போதும். அதைவிட மோசம் பாதி எண். கருவி ஓயாமல் எடையை அனுப்பிக்கொண்டிருக்கும்; நடுவில் புகுந்து படித்தால் 12480 கிலோ, 2480 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பத்து டன் போனது விவசாயி சீட்டைப் பார்த்துக் கேட்டால்தான் தெரியும். கேபிள் செருகிய போர்ட்டை மென்பொருள் திறந்ததும் வரும் முதல் வரியைத் தள்ளிவிட்டு, அடுத்ததை வரி முடிவுக் குறி வரை படித்து, மூன்று முறை ஒரே எடை வந்தால் மட்டும் பதிய வேண்டும்.

காலையில் முதல் பில் மட்டும் விழவில்லையா? பில் விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான மையெஸ்க்யூஎல், 28,800 வினாடி (8 மணி நேரம்) சும்மா கிடக்கும் இணைப்பைத் தானே துண்டித்துவிடும். மாற்றாதவரை அதுதான் அதன் அளவு. இரவு 9 மணிக்குக் கடைசி லோடு, காலை 6 மணிக்கு முதல் லோடு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பைத்தானை டேட்டாபேஸோடு இணைக்கும் எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரியில் 'பூல் ப்ரீ பிங்' வசதியை இயக்கினால், இணைப்புக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கொடுக்கும். தினமும் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பது வைத்தியமல்ல.

தலைமை அலுவலக சர்வருக்கு விவரம் அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கும் நாம் சொல்லாதவரை காலவரம்பு கிடையாது. வரம்பு வைத்து, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பினால் வேறொரு வம்பு: பதில்தான் வந்திருக்காது, லோடு அங்கே பதிவாகியிருக்கும். ஒரு லாரி இரண்டாகிவிடும். லோடின் டோக்கன் எண்ணை யுனீக் ஆக (ஒரே எண் இருமுறை பதிவாகாதபடி) வைத்தால் இரண்டாவது பதிவை டேட்டாபேஸே மறுத்துவிடும். சீசன் நடுவே லைப்ரரி பதிப்பை மாற்றும் வேலையும் வேண்டாம்.

மென்பொருள் வாங்கும் ஆலைகளும் மண்டிகளும், விற்பவரை எதிரில் உட்கார வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சீரியல் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கட்டும். 'எடைக் கருவி இணைப்பில் இல்லை' என்று சில வினாடிகளில் திரையில் வராவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

மென்பொருள் பராமரிப்பாளர்கள்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.