விளக்கை அணைத்த பிறகு

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுவோருக்கு,

வணக்கம். என் மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். சென்ற மாதம் ஒருநாள் படம் போட்டுக் காட்ட ஆசிரியர் வகுப்பறை விளக்கை அணைத்திருக்கிறார். பின்வரிசைப் பையன் ஒருவன் இவள் பெயரைச் சொல்லி, "கொஞ்சம் பல்லைக் காட்டு, நீ எங்கே இருக்கேன்னே தெரியல" என்றானாம். வகுப்பே சிரித்தது. ஆசிரியர், "சரி சரி, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டார்.

நான் படித்த காலத்திலும் இதே கிண்டல்தான், ஒரு சொல்கூட மாறவில்லை.

பெற்றோர் சந்திப்பில் அந்த ஆசிரியரிடம் கேட்டேன். மழுப்பவில்லை. "என்ன சொல்வதென்றே தோன்றவில்லை. அந்த இடத்திலேயே கண்டித்தால் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று விட்டுவிட்டேன்" என்றார். நல்ல ஆசிரியர்தான். பின்னத்தில் தடுமாறிய என் மகளைத் தேற்றியவர். இதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நம் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சிக்கென்று உண்டு. அதில் மூன்று மணி நேரத்தை, இப்படி நிறத்தையும் இனத்தையும் வைத்துச் செய்யும் கிண்டலைக் கையாளப் பழகுவதற்கென்று கேட்கிறேன். விரிவுரை வேண்டாம், ஒத்திகை வேண்டும். தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்துத் திடலில் வரிசையாக நிற்க வைக்கிறோம் இல்லையா, அதுபோல. ஒருவர் அந்தப் பையனாகப் பேசட்டும், இன்னொருவர் ஆசிரியராகப் பதில் சொல்லிப் பார்க்கட்டும். முதல் தடவை நாக்கு குழறும். மூன்றாவது தடவை சரியாக வரும். பையனிடம் என்ன சொல்வது, சிரித்தவர்களிடம் என்ன சொல்வது, அப்புறம் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு என்ன கேட்பது என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

ஜூலை 21 இருக்கிறதே என்பீர்கள். 1964 இனக் கலவரத்தை நினைவூட்ட 1997இல் தொடங்கிய இன நல்லிணக்க நாளை நானும் மதிக்கிறேன்; மகள் அன்று உடுத்தும் பாவாடை சட்டைக்குத் தேக்காக் கடைகளில் அலைந்தும் இருக்கிறேன். அன்று என் மகளோடு படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் நிற்கும். விளக்கை அணைப்பதோ மற்ற நாள்களில்.

இன்னொன்று. தொடக்கப்பள்ளியில் நற்குணக் குடியியல் கல்வியின் ஒரு பகுதியை, பிள்ளைகளை மொழிவாரியாகப் பிரித்து, அவரவர் தாய்மொழியில் நடத்துகிறார்கள். மொழி வளர நல்லதுதான். ஆனால் மரியாதையைப் பற்றிப் பேசும் அந்த நேரத்தில் கிண்டல் செய்தவன் ஓர் அறையிலும் கேட்டவள் வேறோர் அறையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே எல்லாரும் சேர்ந்திருக்கும் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி முதலில் போக வேண்டும்.

இந்தியப் பிள்ளை சம்பந்தப்பட்ட எதுவென்றாலும் தமிழாசிரியரைக் கூப்பிடும் பழக்கத்தையும் அங்கேயே பேசுங்கள். என் அண்ணி தமிழாசிரியர். பாதிப் பாடத்தில் எழுந்து போய்ப் பஞ்சாயத்து செய்த கதைகள் அவரிடம் நிறைய உண்டு. (மற்ற இனத்தாரைப் பற்றி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விழும் வார்த்தைகளுக்கும் ஒத்திகை தேவை. அதை உறவினர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.)

ஆண்டிறுதி விடுமுறைக்குள் ஒரு பள்ளியிலாவது தொடங்கிப் பாருங்கள். கிண்டல் செய்யும் பையனாக நடிக்க ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். வசனம் எனக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஓர் அம்மா