பெட்டி கட்டும் முன்

தங்கச்சிமடம்

அன்புள்ள வசந்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் அத்தையும் பிள்ளைகளும் நலம்தானே? மே மாத லீவுக்கு ஐந்து பேரும் வருகிறீர்கள் என்று படித்ததிலிருந்து வீட்டில் ஒரே கொண்டாட்டம். அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை. வசந்திக்குக் கணவாய் மீன் தொக்கு நான்தான் வைப்பேன் என்று அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில்தான். இவருக்குப் படகுக்குப் பெயின்ட் அடிக்கவும் இஞ்சினைப் பிரித்துப் பார்க்கவுமே பொழுது சரியாக இருக்கிறது. நாட்டுப்படகு மீன் வரும், கவலைப்படாதே.

நாலு பெட்டி ஆகும்போல் இருக்கிறது, எதைக் குறைப்பது என்று கேட்டிருந்தாய். இரண்டு பெட்டியும் ஒரு தோள்பையும் தாராளமாகப் போதும். ஆளுக்கு எத்தனை துணி என்று எண்ணாமல், எது நனையப்போகிறது, எது நனையக்கூடாது என்று முதலில் பிரித்துப் போடு. இந்தக் கரைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் கணக்கு.

அந்தத் தோள்பை ராமேஸ்வரம் கோயிலுக்கு. அக்னி தீர்த்தத்தில் கடல் முழுக்கு, அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணறு கிணறாகப் போய் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது உடம்பில் காய்ந்த இடம் ஒரு பொட்டு இருக்காது. ஈரத்துணியோடு சுவாமி சன்னதிக்கு விடமாட்டார்கள், மாற்றிக்கொண்டுதான் போகவேண்டும். உடை மாற்றும் இடத்தில் கூட்டம் நெரியும். அங்கே நின்று பையைக் கிளறவே முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் உள்ளாடையிலிருந்து மேல்துணி வரை ஒரு முழு உடுப்பை அவரவர் துண்டுக்குள்ளேயே வைத்து இறுகச் சுருட்டிவிடு. ஐந்து பேருக்கு ஐந்து சுருள். சின்னவன்கூடத் தன் துண்டைப் பார்த்துத் தானே எடுத்துக்கொள்வான். ஈரத்தைப் போட்டுக்கொள்ள கெட்டியான பிளாஸ்டிக் பை இரண்டு. குளிக்கும்போது உனக்கு அடர்நிறச் சுடிதார் நல்லது. நனைந்த தரையில் சேலை காலைச் சுற்றினால் ஆபத்து. அத்தை சேலைதான் கட்டுவேன் என்றால் கனமில்லாத பாலியஸ்டர் சேலையாக இருக்கட்டும். செல்போனைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது, எங்கள் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

இன்னொன்று, கடல்நீரில் நனைந்த துணியை அப்படியே காயப்போட்டுவிடாதே. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மத்தியானம் அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்த துணியை ராத்திரி தொட்டால் பிசுபிசுக்கும். அதை மடித்து வைத்தால் பெட்டி முழுக்க முக்கல் வாடைதான். நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கொடியில் போட்டால் கச்சான் காற்றுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும். வீட்டில் துவைத்துக்கொள்ளலாம் என்பதால் ஆளுக்கு மூன்று செட்டே அதிகம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கனம், இடமும் அடைக்கும், லேசில் காயவும் செய்யாது.

பெட்டிக்குள் வைப்பது உனக்குத் தெரியாததில்லை. கனமானது சக்கரப் பக்கம், பருத்தித் துணியைச் சுருட்டி, பட்டுத்துணியை மட்டும் மடித்து. எண்ணெய்ப் புட்டியின் மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்துத் திருகு. அத்தையின் மாத்திரை உன் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி கீழ் பெர்த்துக்கு அடியில் நுழையும் அளவாகப் பார்த்துக்கொள்.

தனுஷ்கோடிக்குத் தொப்பி எடுத்து வராதே, பறந்துவிடும். தலையில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துண்டும் மணல் கண்ணில் விழாமலிருக்கக் கண்ணாடியும் போதும். 2017-லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் நல்ல ரோடு இருக்கிறது, அத்தை காரிலேயே வரலாம். 1964 புயலில் போன ஊரைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும். இடிந்த சர்ச்சின் பக்கத்தில் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நிறையக் கதை இருக்கிறது.

வரும்போதே ஒரு பெட்டியில் பாதியைக் காலியாக விட்டு வா. முண்டு வத்தல் எடுத்து வைத்திருக்கிறேன். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்கும் தெரிந்திருக்கும். உருண்டை வத்தல், எடை ஒன்றும் இல்லை, ஆனால் இடத்தை அடைக்கும். அமுக்கினால் நொறுங்கி விதை கொட்டிவிடும். கருவாட்டை மட்டும் பெட்டிக்குள் வைக்காதே. பேப்பரில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் போட்டுத் தனிப்பையில்தான் தருவேன். பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வை. கரையில் பவளப்பாறைத் துண்டு கிடந்தால் தொட்டுப் பார்க்கலாம், எடுத்து வரக்கூடாது. வன உயிரினச் சட்டப்படி குற்றம். அதோடு மன்னார் வளைகுடாவின் மீன்களுக்கு அந்தப் பாறைதான் வீடு. நாங்கள் பிழைப்பதும் அதை நம்பித்தான்.

ரயில் ராமநாதபுரம் வரும்போதே போர்வை, பல்பொடி எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். மண்டபம் தாண்டியதும் எல்லோரும் பெட்டியை இழுப்பதிலேயே மும்முரமாக இருந்து பாம்பன் பாலத்தைக் கோட்டைவிடுகிறார்கள். 2025-ல் திறந்த புதுப் பாலத்தை நீ இன்னும் பார்க்கவில்லையே. கப்பல் வந்தால் நடுப்பகுதி மட்டும் நேராக மேலே எழும்பும். நாம் பள்ளிக்கூட நாளில் பார்த்த 1914-ஆம் வருஷத்துப் பாலத்தில் இரண்டு பக்கமும் விரிந்து திறக்குமே, அப்படி இல்லை இது. பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வை.

டிக்கெட் உறுதியானதும் தேதியை எழுது. ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கு இவர் வண்டி கொண்டு வருவார்.

அன்புடன்,
ஜெயா