காலேஜ் கிளஸ்டருக்கு வீட்ல இருந்து சரியான வழி விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

நம்ம கொங்கு பக்கத்து காலேஜ்கள்ல ஏஐ லேப், ஜிபியு கிளஸ்டர்னு (ஏஐ வேலைக்கு ஜிபியு சிப்பு போட்ட பல மெசின ஒண்ணா சேத்து வச்சது) தெறப்பு விழா நடக்கறத உங்க பேப்பர்ல அடிக்கடி போடறீங்க, சந்தோசமுங்க. ஆனா தெறந்து வச்ச பொறவு அந்த மெசினுகள பசங்க வீட்ல இருந்து எப்படி கனெக்ட் பண்றாங்க, பண்ண முடியுதாங்கறத யாரும் எழுதறதில்ல. நான் ஈரோடு மாவட்டத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கறேன், அதனால இத எழுதியே ஆவோணும்னு தோணுச்சு.

எங்ககிட்ட படிக்கறதுல அந்தியூர், சத்தி, தாராபுரம் பக்கத்து புள்ளைங்க நெம்ப. சாயந்தரம் காலேஜ் பஸ் கெளம்பற நேரத்துல ட்ரெய்னிங் ஜாப் (ஏஐக்கு டேட்டா குடுத்து பழக்கற வேல) பாதி ஓடிட்டு இருந்தாலும் பைய எடுத்துட்டு ஓடித்தான் ஆவோணும். ஹாஸ்டல் பசங்களுக்கு ராத்திரி லேப் இருக்கு, ஊருக்குப் போற புள்ளைங்களுக்கு அது இல்ல. இத்தனை லட்சம் போட்டு வாங்குன கிளஸ்டர் ராத்திரி பூரா சும்மா கெடக்குது. வீட்ல இருந்து வேல குடுக்கற வழி வேணும்னு அந்த புள்ளைங்க கேக்கறதுல ஒரு தப்பும் இல்லீங்க.

வழி விடறேன்னு சொல்ற எடத்துலயும் பாதி நேரம் அரைகொறையாத்தான் நடக்குது. உதாரணத்துக்கு பெரிய டேட்டா வேலைய பல மெசினுக்கு பிரிச்சு குடுக்கற ஸ்பார்க்ங்கற சாஃப்ட்வேர எடுத்துக்கங்க. பழைய முறையில வேலைய பிரிச்சு குடுக்கற ட்ரைவர்ங்கற ப்ரோகிராம் புள்ளையோட லேப்டாப்புல ஓடும், கிளஸ்டர்ல அந்த வேலைய செய்யற எக்ஸிக்யூட்டர் ப்ரோகிராமுங்க எல்லாம் திரும்பி அந்த லேப்டாப்புக்கே கனெக்ட் ஆவோணும். வீட்ல செல்போன் ஹாட்ஸ்பாட்ல உக்காந்திருக்கற லேப்டாப்புக்கு வெளிய இருந்து யாரும் வர முடியாது, அதுக்குன்னு தனியா பப்ளிக் ஐபி (வெளிய இருந்து தேடி வர்றதுக்கான இன்டர்நெட் அட்ரஸ்) கெடையாது. எக்ஸிக்யூட்டர் எந்திரிக்கும், ட்ரைவர தேடும், கெடைக்காது, செத்துப்போவும், மறுபடி எந்திரிக்கும். ஸ்கிரீன்ல "இனிஷியல் ஜாப் ஹேஸ் நாட் அக்செப்டட் எனி ரிசோர்சஸ்" (வேலைக்கு எந்த மெசினும் இன்னும் கெடைக்கல) அப்படின்னு அதே லைன் திரும்பத் திரும்ப வரும். அத பாத்துட்டு கிளஸ்டர்ல மெமரி இல்லையாட்ட இருக்குதுன்னு பசங்க வுட்டுட்டு போயிடறாங்க, உண்மையில மெமரி அத்தனையும் காலியாத்தான் கெடக்கும்.

2023 ஏப்ரல்ல ஸ்பார்க் 3.4 வந்தப்ப ஸ்பார்க் கனெக்ட்னு ஒண்ணு குடுத்தாங்க. அதுல லேப்டாப்புல இருக்கறது சின்ன க்ளையன்ட் மட்டும், என்ன வேல செய்யோணுங்கற ப்ளான மட்டும் 15002 போர்ட் (மெசினுக்குள்ள போற நம்பர் போட்ட கதவு) வழியா சர்வருக்கு அனுப்பும், ட்ரைவர் கிளஸ்டர் பக்கமே ஓடும். திரும்பி வர்ற தொந்தரவே இல்ல. இது வந்து இத்தன நாளாச்சு, பல லேப்ல இன்னும் பழசையே வச்சுட்டு புள்ளைங்க மேல கொற சொல்றாங்க.

ரேன்னு இதே மாதிரி வேலைய பல மெசினுக்கு பிரிக்கற இன்னொரு சாஃப்ட்வேர் வச்சிருக்கற எடத்துல வேற பிரச்சன. அதோட க்ளையன்ட் போர்ட் 10001. லைன் அறுந்துபோனா முப்பது செகண்டுக்குள்ள திரும்ப ஒட்டிக்கோணும், இல்லீன்னா அந்த க்ளையன்ட் ஆரம்பிச்ச வேல அத்தனையும் போச்சு. லேப்டாப்புல பைத்தானும் ரேவும் கிளஸ்டர்ல இருக்கற அதே வெர்ஷனா வேற இருக்கோணும். எங்கூர் பக்கம் கரண்ட் போனா வைஃபை ரவுட்டர் திரும்ப எந்திரிக்கறதுக்கே அந்த முப்பது செகண்டுக்கு மேல ஆவுமுங்க. அதனால நீளமான வேலைய கனெக்ஷன புடிச்சுட்டு ஓட்டவே கூடாது, ஜாப்பா சப்மிட் பண்ணிட்டு வந்துரோணும். திருப்பூர்ல சாயப்பட்டறைக்கு துணிய அனுப்புனவங்க அங்கயேவா உக்காந்திருக்காங்க, முடிஞ்சதும் போயி எடுத்துக்கறாங்கல்ல, அப்படித்தான். ஸ்லர்ம்னு வேலைகள வரிசைப்படுத்தற சாஃப்ட்வேர் இருந்தா எஸ்பேட்ச்ங்கற கமாண்ட், ரே இருந்தா ரே ஜாப் சப்மிட்ங்கற கமாண்ட். லேப்டாப்ப மூடிட்டு தூங்கப் போயிரலாம், காலைல பஸ்ல வர்றப்ப செல்லுலயே முடிஞ்சுதான்னு பாத்துக்கலாம்.

இதவிட எனக்கு கவலையா இருக்கறது வேறொண்ணு. எனக்கு தெரிஞ்ச ஒரு காலேஜ்ல பசங்களுக்கு ஈசியா இருக்கட்டும்னு ரே டேஷ்போர்ட (வேலைகள பாக்கற, குடுக்கற வெப் பக்கம்) 0.0.0.0-னு, அதாவது எந்த பக்கமிருந்தும் வரலாம்னு போட்டு, வெளியாள தடுக்கற ஃபயர்வால்ல அதோட 8265 போர்ட இன்டர்நெட் மொத்தத்துக்கும் தொறந்து வுட்டுட்டாங்க. அது சாதாரணமா அந்த மெசினுக்குள்ள மட்டுந்தான் தெரியும், பாஸ்வேர்டும் கேக்காது, அதுல நுழைஞ்சவன் என்ன கோடு வேணா ஓட்டலாம். ராத்திரி சர்வர் ரூம்ல ஃபேன் சத்தம் இவ்ளோ கேக்குதேன்னு வாட்ச்மேன் வந்து சொன்ன பொறவுதான் பாத்திருக்காங்க, ஒருத்தரும் லாகின் பண்ணாத நேரத்துல ஜிபியு அத்தனையும் நூறு பர்சன்ட்ல ஓடிட்டு இருந்துச்சு, எவனோ அந்த மெசினுகள வச்சு டிஜிட்டல் காசு சம்பாதிக்கற கிரிப்டோ மைனிங் போட்டுட்டான். 2024 மார்ச்ல இதே மாதிரி தொறந்து கெடந்த ரே கிளஸ்டருங்க உலகம் பூரா மாட்டுனது ஷேடோ ரேன்னு பேரு வச்சு வெளிய வந்த விஷயந்தான், அத படிச்சிருந்தாக்கூட போதும். அந்த காலேஜ்ல அப்பறம் என்ன பண்ணுனாங்கன்னா வெளிய இருந்து வர்ற வழி எல்லாத்தையும் ஒரேயடியா அடச்சுட்டாங்க. தொறந்து வுட்டது யாரோ, கஷ்டப்படறது பஸ்ல வர்ற புள்ளைங்க.

இதுக்கு பெருசா செலவெல்லாம் இல்லீங்க. ஒரு பழைய மெசின லாகின் நோடா (எல்லாரும் உள்ள வர்ற வாசலா) வச்சு, வெளிய அதோட எஸ்எஸ்எச் (தூரத்து மெசினுக்குள்ள பாதுகாப்பா போற கனெக்ஷன்) மட்டும் தெரியற மாதிரி பண்ணுனா போதும். பாஸ்வேர்ட் லாகின நிறுத்திட்டு ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனி கீ (சாவி மாதிரி ஒரு ஃபைல்) குடுங்க, படிப்பு முடிஞ்சு போனா அந்த கீய எடுத்துருங்க. டேஷ்போர்ட், 15002, 10001 எல்லாத்தையும் உள்ளாற வச்சுட்டு எஸ்எஸ்எச் டனல் (அந்த கனெக்ஷனுக்குள்ளயே போற சொரங்க வழி) வழியா லேப்டாப்புக்கு கொண்டாந்துக்கலாம். எஸ்எஸ்எச் 1995-ல இருந்து இருக்கற சாமான், காசு கெடையாது. திருச்சி என்ஐடில 2022 மே மாசம் தொறந்த 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுள்ள பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டருக்கும் எஸ்எஸ்எச் வழியாத்தான் உள்ள போறாங்க, ஜாப் சப்மிட் பண்றாங்க. இத இங்கயே பழகுன புள்ளைங்க நாளைக்கு அங்க போனா தடுமாற மாட்டாங்க.

உங்க நிருபருங்க அடுத்த தடவ லேப் தெறப்பு விழாவுக்கு போறப்ப எத்தனை ஜிபியுன்னு கேக்கறதோட, சத்தியில இருக்கற புள்ள ராத்திரி எட்டு மணிக்கு இதுல ஜாப் போட முடியுமா, அந்த கதவுக்கு கீ யாருகிட்ட இருக்குதுன்னு மேனேஜ்மென்ட்கிட்ட கேட்டு, அவங்க சொல்றத அப்படியே பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு லேப் ஊழியர்,
கோபிசெட்டிபாளையம்