சீயக்காயும் அறுபதாம் கல்யாணமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அறுபதாம் கல்யாணத்தின் சிறப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அறுபது வருடச் சக்கரம் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருடத்தின் பெயரே திரும்பி வருவதைக் கொண்டாடுவது எனக்கும் பிடித்த விஷயம்தான். ஜப்பான்காரர்களுக்கும் இந்த அறுபதுக் கணக்கு உண்டு. மறுபடி குழந்தையாகிவிட்டார் என்று சிவப்புத் தொப்பியும் கையில்லாத சிவப்புச் சட்டையும் போட்டுவிடுவார்களாம். சரி. ஆனால் "முதியோரைப் போற்றுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை" என்று முடித்திருந்தீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ரங்கூனில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா?

என் மாமியாருக்கு 83 வயது. மாமனாருக்கு அறுபது நிறைந்தபோது ஊரைக் கூட்டி, கலசத் தண்ணீரை இருவர் தலையிலும் ஊற்றினார்கள். அவர் போன பிறகு மாமியாருக்கு எண்பது வந்தது, போனது. சதாபிஷேகப் பேச்சே எழவில்லை, ஜோடி இல்லையே! நல்ல காரியங்களில் அவரே பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். யாரும் முன்னால் வரச் சொல்வதில்லை.

எதிர்வீட்டு பர்மியப் பெண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வருடா வருடம் திஞ்சானுக்கு, அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு, தயோ என்ற மரத்தின் பட்டையையும் கின்புனையும் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். கின்புன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான். பட்டை சேர்ந்ததும் தண்ணீர் வழவழவென்று ஆகிவிடும். மாமியாரைப் பலகையில் உட்காரவைத்து, கண்ணில் படாமல் நெற்றியில் ஒரு கையை அணைத்துத் தலை தேய்த்துவிடுவாள். அப்புறம் கால் நகம்வரை வெட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். தடிஞ்சூட் என்னும் விளக்குத் திருவிழா வந்தால் பழமும் மெழுகுவத்தியும் வைத்து, மண்டியிட்டுத் தரையில் நெற்றி படக் கும்பிடுவாள். மாமியார் பாதி பர்மிய மொழியிலும் பாதி தமிழிலும் வாழ்த்தி முடிக்கக் கால்மணி நேரமாகும். மாதா பிதா குரு தெய்வம் என்று நாமும்தான் சொல்கிறோம். இந்த பர்மியர்கள் பெற்றவர்களையும் ஆசிரியரையும் புத்தரோடு ஒரே வரிசையில் வைத்து, அதற்கென்று ஒரு காலமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கூப்பிடுவதிலேயே பாருங்கள். பெயருக்கு முன்னால் 'மா' என்றிருந்தவள் வயது ஏறியதும் 'டோ' ஆகிறாள். 'கோ' என்பவர் 'ஊ' ஆகிறார். புருஷன் இருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை.

இங்கேயும் கைவிடப்பட்ட பெரியவர்கள் இல்லாமல் இல்லை. ஹ்னின்சிகோன் முதியோர் இல்லம் 1933 முதல் நடப்பது அதனால்தானே.

பங்குனி பிறந்தாலே மாமியார் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார். போன மாதம் நான் தலை தேய்த்துவிடவா என்று கேட்டேன். வேண்டாமாம், என் கை முரட்டுக் கையாம். அந்தப் பிள்ளைதான் வரவேண்டுமாம்.

– ஒரு வாசகி, ரங்கூன்