தம்பிக்கு, புனே ஆஸ்பத்திரி முகவரிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் வாட்ஸ்ஆப்பில்தான் ஆரம்பித்தேன், நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது, அழித்துவிட்டு பேப்பரை எடுத்தேன். நீ என் போனை எடுத்து இன்றோடு பத்தொன்பது நாள். மருமகளிடம் இரண்டு நிமிஷம் பேசுகிறாய், தெரியும். வீடியோ போட்டால் முகத்தைக் காட்டாமல் சீலிங் ஃபேனைத்தான் காட்டுகிறாயாம். உன் பிள்ளை அந்த ஃபேனைப் பார்த்து "அப்பா" என்கிறான்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சிவப்பி கன்று போட்டது, கிடாரி. ஆடி வெள்ளிக்கு அம்மா படவேடு போய் வந்தாள், முட்டி வலியோடு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறாள், சொன்னால் கேட்டால்தானே. கிணற்று மோட்டார் காயில் போய்விட்டது. அதெல்லாம் அப்புறம் சொல்கிறேன்.

போன புதன்கிழமை மருமகளிடம் ட்ரங்குப் பெட்டியில் எந்தப் பேப்பர் எங்கே இருக்கிறது என்று சொன்னாயாமே. ஏ.ஜி.ஐ. இன்சூரன்ஸ், ஃபண்டு பேப்பர், நாமினி பேப்பர், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாயாம். "இப்பதான் மாமா பொறுப்பா பேசுறாரு" என்று அவள் சந்தோஷமாக வந்து சொன்னாள். சரிம்மா என்றேன். பேப்பரை ஒழுங்கு பண்ணி வைப்பது நல்லதுதான். மெடிக்கல் போர்டு வரப்போகிறது, எல்லாம் கைவசம் இருக்கவேண்டும்தான். அதற்காகத்தான் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெட்டின காலின் மீதி, அந்த ஸ்டம்ப், நன்றாகக் காய்ந்த பிறகு சாக்ஸ் போடு, ஈரத்தோடு போடாதே. காலையில் சரியாக இருக்கிற செயற்கைக்கால் சாயங்காலம் லொடலொட என்று ஆகிறது என்றாயே, இன்னொரு சாக்ஸ் சேர்த்துப் போட்டால் சரியாகும் என்று ஊரில் நம் பழைய சுபேதார் சொன்னார், அவரும் அதே புனேவில்தான் கால் வாங்கினார். அந்தச் செயற்கைக்கால் மையம் 1944-லிருந்து இருக்கிறது, இரண்டாம் உலகப் போரிலிருந்து எத்தனையோ பேரை நிற்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இல்லாத பாதம் அரிக்கிறது, ராத்திரியில் கட்டைவிரலை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று மருமகளிடம் சொன்னாயாம். அக்கா மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். கண்ணாடியில் நல்ல காலைப் பார்த்தபடி அசைத்துப் பயிற்சி செய்தால் அந்த வலி சிலருக்கு அடங்குகிறதாம். அதைக் கண்டுபிடித்த ராமச்சந்திரன் என்கிற டாக்டர் நம் சென்னை ஸ்டான்லியில் படித்தவர். அங்கே டாக்டரிடம் கேள். வாய் விட்டுக் கேள். நீ கேட்கமாட்டாய், எனக்குத் தெரியும், என் பிள்ளைதானே.

எனக்கு உன்மேல் கோபமும் இருக்கிறது. மார்ச்சில் பனி உருகின தடத்தில் நீ முன்னால் போனாய், உன் பின்னால் நான்கு பையன்கள் வந்தார்கள். மழையிலும் பனியிலும் கண்ணிவெடி இடம் மாறிப்போகும் என்று சர்வீஸில் இருந்தவனுக்கெல்லாம் தெரியும், உன்னைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலில்லாமல் கிடந்தபோதும் மற்றவர்களை அசையாமல் நிற்கச் சொல்லிக் கத்தினாய் என்று உன் கம்பெனி சீனியர் ஜே.சி.ஓ. போனில் சொன்னார். அதைக் கேட்டு நான் ஊர் முழுக்கச் சொன்னேன். ஆனால் பெற்றவனுக்கு ஒரு போன் பண்ண முடியவில்லை உன்னால்.

இல்லை. நீ பண்ணினாய். உதம்பூரிலிருந்து, ஆபரேஷன் முடிந்து ஆறாவது நாள். நீ அழுதாய். நான் என்ன செய்தேன்? கார்டோசோ சாப் கதையைச் சொன்னேன். 1971 போரில் தன் காலைத் தானே குக்ரியால் வெட்டிக்கொண்டவர், பிறகு ஒரு பட்டாலியனுக்கே கமாண்டராக இருந்தவர், நீ என்னடா இதற்கே அழுகிறாய், ராணுவக்காரன் மகன் அழக்கூடாது என்றேன். ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்கவில்லை. சரிப்பா என்று நீ போனை வைத்தாய். அதற்கப்புறம் என்னிடம் சரியாகவே பேசவில்லை. அம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சாப்பிடு, தூங்கு, மாத்திரையை விடாதே என்று எழுதிக்கொண்டே போகிறேன். அந்த ட்ரங்குப் பெட்டி விஷயம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஏன் தெரியுமா, நானும் ஒரு நாள் பேப்பரெல்லாம் எடுத்து அடுக்கினவன்.

1987-இல் இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. மற்றவர்களுக்கு அந்த ஊர்ச் சத்தம் வெறும் சத்தம், எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு வீட்டைச் சோதனை போடும்போது நான்தான் மொழிபெயர்க்க நின்றேன். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்களும் தமிழ்தானே" என்றாள். மதராஸ் ரெஜிமென்ட்டில் எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தப் பேரைக் கேட்டால் நெஞ்சு நிமிரும், அன்றைக்கு நிமிரவில்லை. மேஜர் சாப் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். தண்ணீர் கேட்கிறாள் என்று பொய் சொன்னேன். அடுத்த வாரம் ரோட்டில் வெடித்ததில் என் 'படி', எப்போதும் கூடவே இருக்கும் ஜோடிச் சிப்பாய், பாலக்காட்டுக்காரன், என் மடியிலேயே போனான். அங்கே நம் ஆட்கள் ஏறக்குறைய 1,200 பேர் போனார்கள். கொழும்புப் பக்கம் கல்லில் பேர் வெட்டி வைத்திருக்கிறார்களாம், அவன் பேரும் இருக்கும். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் வந்தபோது வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. அந்தக் கோபம் எனக்குப் பெரிதாக இல்லை, ஆனால் எங்கே போய் வந்தாய் என்று டீக்கடையில் கேட்டால் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வருஷம் லீவில் வந்தபோதுதான் பேப்பர்களை அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று எழுதி, அலமாரியில் வைத்துவிட்டு, ராத்திரி கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தேன். உன் அம்மா வந்தாள், இடுப்பில் அக்கா. ஒன்றும் கேட்கவில்லை. "சோறு ஆறிப்போவுது, வா" என்றாள். என் சட்டை நுனியைப் பிடித்தபடியே வீடு வரைக்கும் நடந்தாள். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசினது கிடையாது. இதுதான் முதல் தடவை, அதுவும் பேப்பரில்.

1997-இல் பென்ஷன் வாங்கி வரும்போது போர்டில் காது பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், கையைக் காலை மடக்கச் சொன்னார்கள். தூக்கமெல்லாம் வருகிறதா என்று தலை நிமிராமல் ஒரு கேள்வி. ஜீ சாப் என்றேன். ஷேப் ஒன், அதாவது எல்லாம் நல்ல நிலை, என்று எழுதினார்கள். அந்த ஷேப்பில் முதல் எழுத்தான 'எஸ்' மனசுக்கு, 'ஏ' கைகாலுக்கு. இப்போது உன் போர்டில் அந்த 'ஏ'-யைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். 'எஸ்'-ஐ நீயாகத்தான் சொல்லவேண்டும். என்னைப் போல ஜீ சாப் என்று சொல்லிவிடாதே.

உன் தாடையில் இருக்கிற தழும்பு. படியில் விழுந்தான் என்று தாத்தா முதல் எல்லாரிடமும் சொன்னோம், உன்னையும் அப்படியே சொல்ல வைத்தோம். நீ படியில் விழவில்லை. உனக்கு ஆறு வயது. நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சொம்பைத் தவறவிட்டாய், அந்தச் சத்தத்தில் கேன்டீன் ரம்மோடு படுத்திருந்த நான் எழுந்து வந்து உன்னைப் பிடித்துத் தள்ளினேன், அம்மிக்கல்லில் அடிபட்டது. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் அது சாக்கு இல்லை. உனக்கு நினைவிருக்கும். இருந்தும் நீ பட்டாளத்துக்குத்தான் போவேன் என்று நின்றாய். என்னை மன்னித்துவிடு என்று இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அதற்கப்புறமும் எட்டு வருஷம் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். பாகாயத்துக்கு, வேலூரில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம். ஆமாம், ஊரில் யாரையாவது கிண்டல் பண்ணவேண்டுமென்றால் பாகாயத்துக்கு அனுப்பணும் என்பார்களே, அங்கேதான். கேன்டீனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தெரிந்தவன் பார்த்துவிடுவானோ என்று முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி வெயிலில் நடந்துபோவேன். பேச வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ரம் நின்றது. முழுசாகச் சரியானேன் என்று சொல்லமாட்டேன், தீபாவளிக்கு இன்னும் காதில் பஞ்சு வைக்கிறேன், ஆனால் தூங்குகிறேன். 1990-லேயே போயிருந்தால் உன் தாடை நன்றாக இருந்திருக்கும்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். செத்துப்போகலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். நான் கத்தமாட்டேன், கார்டோசோ சாப் கதை சொல்லமாட்டேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த நேரம் அப்படி இருந்தால் வார்டில் இருக்கிற சிஸ்டரிடம் போய்ச் சொல், இல்லை பக்கத்துக் கட்டில் பையனையாவது எழுப்பு. 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, டெலி மனஸ், காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். 2023 டிசம்பரில் பட்டாளத்துக்காரர்களுக்கென்றே அதில் தனிப் பிரிவு தொடங்கினார்கள், அதுவும் உன் புனேவிலேயே, ராணுவ மருத்துவக் கல்லூரியில்.

ட்ரங்குப் பெட்டிச் சாவியை மருமகளிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறுகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள், முட்டியோடு எப்படி என்று தெரியவில்லை, ஆனால் அவள்தான் வரவேண்டும், சட்டை நுனியைப் பிடிக்கத் தெரிந்தவள் அவள்தான். அதற்குள் ஒரு தடவை போனை எடு. பேசவேண்டாம். முகம் தெரிகிற மாதிரி பிடி, போதும்.

அப்பா

மாவடு கொண்டுவந்தால் கேட்டில் உள்ளே விடுவார்களா என்று அம்மா கேட்கிறாள். சாக்ஸ் என்ன அளவு என்றும் சொல், வேலூரில் நல்ல பருத்தியில் கிடைக்கிறது.