விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நிலைமம், அதாவது ஒரு பொருள் தன் ஓய்வையோ இயக்கத்தையோ தானாக மாற்றிக்கொள்ளாத இயல்பு, நடத்தும் வகுப்பில் பஸ் உதாரணம் வராமல் இருக்காது. பிரேக் போட்டால் ஏன் முன்னால் சாய்கிறோம் என்று கேட்டால், 'இயக்கத்தில் நிலைமம்' என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, பஸ் நின்ற நொடியில் நம்மைப் பின்னால் தள்ளுகிறதே, அது ஏன் என்று கேட்டாள்.

மீதிப் பாடவேளை முழுவதும் அதற்கே போனது. விழாமலிருக்கக் கம்பியைப் பிடித்து, காலை ஊன்றி, உடலைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறோம். பஸ் நின்றதும் வேகக்குறைவு சட்டென்று முடிந்துவிடுகிறது. நம் தசைகளின் இழுப்பு மட்டும் அந்தக் கணத்தில் விடுவதில்லை. விவாதித்து விவாதித்து அவர்களே இங்கு வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸின் ஸ்பிரிங்குக்கும் இதில் பங்குண்டு என்று ஒருவன் வாதாடினான். அவன் சொன்னதும் சரி. கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், இது பரீட்சைக்கு வருமா?"

வராது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2019இல் வந்த பாடநூலில் 'உயர் சிந்தனை வினாக்கள்' என்று தனிப்பகுதியே இருக்கிறது. நல்ல மனத்தோடு செய்த வேலை அது. ஆனால் அந்த வினாக்களுக்கும் கைடில் விடை வந்துவிடுகிறது. கூற்று, காரணம் வினாக்களைக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வு எதற்கு மதிப்பெண் தருகிறதோ, அதற்குத்தான் வகுப்பில் நேரம் கிடைக்கும்.

எழுத்துத்தேர்வின் 75 மதிப்பெண்ணில் ஒரே ஒரு நான்கு மதிப்பெண் வினாவைக் கேட்கிறேன். பாடத்தில் படித்த விதி, ஆனால் புத்தகத்தில் இல்லாத சூழல். பத்து வினாவில் ஏழுக்கு விடை எழுதும் பகுதியில் அதை வையுங்கள். கட்டாய வினாவாக்க வேண்டாம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை அதனால் இழக்கக் கூடாது. ஜூன் மாதமே அறிவித்து, மாதிரி வினாத்தாளிலும் காலாண்டுத் தேர்விலும் பழக்கிவிடுங்கள். விடைக்குறிப்பில் இந்த வரி இருக்கட்டும்: 'மாணவர் காட்டும் காரணம் பொருத்தமாக இருந்தால், முடிவு பிழையாக இருப்பினும் காரணத்துக்குரிய மதிப்பெண் வழங்குக.' எனக்கு வினாவைவிட இந்த வரிதான் முக்கியம். இது இல்லாவிட்டால் ஒரே ஆண்டில் அந்த வினாவுக்கும் ஒரு 'சரியான விடை' உருவாகிவிடும்.

திருத்துவோர் ஆளுக்கொரு மதிப்பெண் போடுவார்களே என்று தயங்குவீர்கள். தமிழ்த்தாளைப் பாருங்கள். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படத்தைக் கொடுக்கிறோம். ஒருவர் எழுதியது போல் இன்னொருவர் எழுதுவதில்லை. தமிழாசிரியர்கள் அதைப் படித்துப் பார்த்து மதிப்பெண் போடத்தான் செய்கிறார்கள். அவர்களை நம்பும் நாம் அறிவியல் ஆசிரியர்களையும் நம்பலாம். திருத்தும் முகாமின் முதல் நாள் காலையில் சில விடைத்தாள்களை எடுத்து, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முதன்மைத் தேர்வாளரோடு எல்லோரும் கூடிப் பேசினால் பெரும்பாலான வேறுபாடு குறைந்துவிடும்.

இப்படிப்பட்ட வினாக்களை எழுதித் தரவும், கோடை விடுமுறையில் வந்து பயிற்சியில் உட்காரவும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் அணியமாக இருக்கிறோம். அழையுங்கள்.

அன்புடன்,
அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்