வருஷம் என்றால் 365 நாள்: கொழும்பில் கம்பியூட்டர் பாட்ஸ் விற்கும் முதலாளிமாருக்கு

முதலாளிமாருக்கு வணக்கம்.

என் பெயர் உங்களுக்குத் தேவையில்லை, முகம் தெரிந்திருக்கும். சனிக்கிழமை பின்னேரங்களில் துண்டுக் காகிதத்தோடு வந்து, பிராசசர் ஒரு கடையில், ராம் இன்னொரு கடையில், கேசிங் புறக்கோட்டையில் என்று அலைந்து வாங்கி, எல்லாவற்றையும் மடியில் அடுக்கிக்கொண்டு 101 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தன். வார நாட்களில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சனி ஞாயிறில் மற்றவர்களுக்குக் கம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கிறேன், ஒரு பெட்டிக்கு 8,000 ரூபா கூலி.

இந்த 8,000 பூட்டுவதற்கு என்று நீங்களும் நினைக்கிறீர்கள், வாடிக்கையாளரும் நினைக்கிறார். பூட்ட இரண்டு மணித்தியாலம் போதும். வயர் ஒதுக்கி, விண்டோஸ் போட்டு, இரவு முழுக்க லோட் கொடுத்து ஓடவிட்டு, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று விடிய எழும்பிப் பார்ப்பதையும் சேர்த்தாலும் ஒரு நாள்தான். மிச்சக் கூலி அதற்குப் பிறகு வரும் மூன்று வருஷத் தொலைபேசி அழைப்புகளுக்கு. அந்த அழைப்புகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அக்கா. மகன் ஏ.எல். முடித்துவிட்டு டிசைன் படிக்கிறான், சீட்டு எடுத்த காசில் பெட்டி செய்தார். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, "தம்பி, பெட்டி எழும்புதில்லை" என்று அழைப்பு. பவர் சப்ளை செத்துவிட்டது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் பில்லைப் பார்த்தார், கல்குலேட்டரைத் தட்டினார், 352வது நாள் என்றார். வாரண்டி 350 நாள், இரண்டு நாள் பிந்திவிட்டதாம். பில்லின் மேலே ஒரு வருஷம் என்று இருக்கிறது, அடியில் எறும்பு எழுத்தில் 15 நாள் கழிவு என்று இருக்கிறது. நான் கணக்குப் பார்க்கிறவன், லீப் வருஷத்தில் ஒரு நாள் கூடி வருவது தெரியும், 15 நாள் குறைந்து வரும் வருஷத்தை எந்தக் கணக்கிலும் பார்த்ததில்லை. பழுதான சாமானை இறக்குமதி ஏஜென்டுக்கு அனுப்பி மாற்றி எடுக்க நாள் வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் கழிவு என்று வேறொரு கடைக்காரர் விளக்கம் சொன்னார். சரி, அது உங்களுக்கும் ஏஜென்டுக்கும் நடுவில் உள்ள கொடுக்கல் வாங்கல். அதை ஏன் அந்த அக்காவின் தலையில் கட்டுகிறீர்கள்?

அக்காவிடம் 352 கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதிசு ஒன்று 16,500 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். அந்தப் பெட்டியில் எனக்குக் கிடைத்த கூலியை அவரே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்.

இன்னொன்று துரு. தெஹிவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்து மாடி வீடு, யன்னலைத் திறந்தால் கடல். அந்த வீட்டு மதர்போர்டில் இன்டர்நெட் வயர் குத்தும் லேன் போர்ட் வேலை செய்யவில்லை. நீங்கள் பின்பக்கத் தகட்டில் இருந்த துருவைக் காட்டி, துரு பிடித்த சாமானுக்கு வாரண்டி இல்லை என்றீர்கள். லேன் சிப்புக்கும் தகட்டுத் துருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன், பதில் இல்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை ஒழுங்கை இருக்கிறது? உப்புக் காற்று எங்கள் வாடிக்கையாளரின் பிழையா? உங்கள் ஷோகேஸ் பிணைச்சலிலும் அதே துருதான் இருந்தது, அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இதையெல்லாம் விட எனக்குக் கோபம் வந்தது இன்டெல் விஷயத்தில். 13ஆம், 14ஆம் தலைமுறை பிராசசர்களில் சிலது தேவைக்கு மேல் வோல்டேஜ் எடுத்து, காலப்போக்கில் பழுதாகிறது என்று 2024இல் அந்தக் கம்பனியே ஒப்புக்கொண்டது. அந்த ஓகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோட் திருத்தத்தை, அதாவது பிராசசருக்குள் ஓடும் கட்டளைகளுக்கான திருத்தத்தை விட்டது, கம்பனி அட்டைப்பெட்டியில் தனியாக விற்கும் பிராசசர்களுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. எனக்குக் கலியாண வீடியோ எடிட் பண்ணும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவருடைய பெட்டியில் இருந்ததும் அந்தப் பிராசசர்தான். எடிட் பண்ணியதை முழு வீடியோவாக எடுக்கும் ரெண்டர் பாதியில் நின்று நின்று அவருக்கு இரண்டு கலியாண வீட்டாரிடம் ஏச்சு விழுந்தது. ராமை மாற்றிப் பார்த்தேன், விண்டோஸை அழித்துப் போட்டேன், ஒன்றுக்கும் சரிவரவில்லை. கடையில் சொன்னால், "கேம் ஏதும் போட்டிருப்பீங்க, அதை எடுங்க" என்று பதில். அந்த மனிதருக்கு கேம் விளையாட நேரம் இருந்தால் ஏன் ராத்திரி இரண்டு மணிக்கு ரெண்டர் போடுகிறார்? நாலு தடவை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். செய்த கம்பனி பிழையை ஏற்றுக்கொண்ட பிறகும், விற்ற கடையில் இருக்கும் தம்பிக்கு அந்தச் செய்தியே தெரியாது என்றால், ஒரு காகிதம் பிரிண்ட் எடுத்து கவுண்டருக்குப் பின்னால் ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகும்?

எங்கள் பக்கமும் சுத்தம் இல்லை, தெரியும். பிராசசர் பூட்டும் சொக்கெட்டில் பின்னை வளைத்துவிட்டு, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று சத்தியம் பண்ணுகிறவர்களை நானும் உங்கள் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். பவர் சப்ளைக்குள் கருகிய பல்லியோடு வந்து வாரண்டி கேட்டவரையும் பார்த்தேன். நானே ஒரு போர்டில் பின்னை வளைத்து, வாய் பேசாமல் என் காசில் புதிசு வாங்கியிருக்கிறேன். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒருவரின் போர்டுக்கு பயோஸ் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தேன், யூபிஎஸ் இல்லாமல். பயோஸ் என்பது போர்டை எழுப்பும் மென்பொருள், அப்டேட் பாதியில் கரண்ட் போனால் போர்ட் எழும்பாமலே போகலாம். நல்ல காலம், பயோஸைத் திரும்பப் போட பின்னால் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்த போர்ட், கரண்ட் வந்த பிறகு எழுப்பிவிட்டேன். எழும்பாமல் போயிருந்தால் குரங்கின் பெயரைச் சொல்லிக்கொண்டு உங்களிடம் வந்திருக்க மாட்டேன்.

உங்கள் கஷ்டமும் விளங்குகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 ஆனபோது, விற்ற காசில் அதே சாமானைத் திரும்ப எடுக்க முடியாமல் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். வற் வரி அந்த வருஷத் தொடக்கத்தில் 8 வீதம், 2024 ஜனவரியில் 18. பிறகு 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போகத் தொடங்கி ராம் விலை ஏறியது, அதுவும் உங்கள் கையில் இல்லை. விலையைக் குறையுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. காலையில் சொன்ன விலையை, அட்வான்ஸ் கட்டினால் அடுத்த நாள் வரை பிடித்துவையுங்கள், அவ்வளவுதான். நான் வட்ஸ்அப்பில் விலை அனுப்பி, அவர் வீட்டில் கதைத்து, காசு போட்டு வருவதற்குள் ராம் மட்டும் ஆறாயிரம் கூடியிருந்தால் கள்ளன் பட்டம் எனக்குத்தான்.

மற்றது, வாரண்டியைச் சீரியல் நம்பரைப் பார்த்துக் கொடுங்கள். பில்லில் என் பெயர் இருக்கிறது என்று, பெட்டிக்குச் சொந்தக்காரர் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். நான் வேலை நாளில் வர முடியாது, அவர் வருவார். உங்கள் ஸ்டிக்கர் சாமானில்தானே ஒட்டியிருக்கிறது, என் நெற்றியில் இல்லையே.

வருகிற சனிக்கிழமை ஒரு எஸ்எஸ்டியோடு வருகிறேன், ஒரு வருஷ வாரண்டி. பில் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது, துருவும் இல்லை, பல்லியும் இல்லை. அன்றைக்கு 341வது நாள், இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.

இப்படிக்கு,
101இல் மடி நிறையப் பெட்டியோடு வரும் தம்பி
வெள்ளவத்தை